பாறையடியில் ‘ம்’ செல்லாது

போன சனிக்கிழமை என் மனைவியின் உயிர் சுமார் அரைமணி நேரம் என் கையில் இருந்தது.

உவமை இல்லை. நிஜமாகவே கையில்தான். ராமநகரத்தில் ஒரு பாறையடியில் நின்று, அவள் இடுப்பில் கட்டிய கயிற்றின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

எஸ்தர் பள்ளிக்கூட டீச்சர். அவள் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரு நாள் பாறை ஏறும் பயிற்சி. கூட வருவதாகச் சொன்ன பி.டி. மாஸ்டருக்குக் காய்ச்சல். “ஒரு ஆம்பளை துணை வேணுங்க. நீங்க பேசவே வேண்டாம், வந்து நின்னா போதும்” என்றாள். பேச வேண்டாம் என்றதால் உடனே கிளம்பிவிட்டேன்.

என்னை நேரில் பார்க்காத வாசகர்களுக்கு ஒரு விஷயம். வாராவாரம் இந்த இடத்தில் வாய் ஓயாமல் பேசுகிற ஆள், வீட்டில் ஊமை. எஸ்.எஸ்.எல்.சி. முடித்து ஒரு தொழிற்சாலையின் ஸ்டோர்ஸில் சேர்ந்தவன் நான். அங்கே நட்டும் போல்ட்டும் என்னிடம் எதுவும் கேட்பதில்லை. ரிச்சர்ட்ஸ் டவுனில் எங்கள் வீட்டுப் போன் அடித்தால் எஸ்தர்தான் எடுப்பாள். பால்காரர், ஐயர், அக்கம்பக்கம் எல்லோரிடமும் எனக்கும் சேர்த்து அவள்தான் பேசுவாள். (ஐயர் என்றால் எங்கள் சர்ச் ஐயர்.)

அவளிடம் என் பேச்சு ஒரே எழுத்து. ‘ம்.’

சாப்பாடு போடட்டுமா? ம். மழை வருமா? ம். இந்தப் புடவை நல்லா இருக்கா? ம். இத்தனை வருஷம் இது போதுமானதாகத்தான் இருந்தது. சென்ற மாதம்தான் சிக்கல் வந்தது.

குன்னூரில் ஒரு ஹாஸ்டல் பள்ளிக்கூடத்தில் பெண் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஒரு வருஷத்துக்கு வார்டன் வேண்டுமாம். எஸ்தரைக் கேட்டிருக்கிறார்கள். சிறு வயதிலிருந்தே அவளுக்கு அந்த வேலை மீது ஆசை. பிள்ளைகள் இல்லாத வீடு எங்களுடையது... அந்த ஆசையின் ஆழம் எனக்குத் தெரியும்.

“நான் போகட்டுமா?” என்று கேட்டாள்.

“ம்” என்றேன்.

மறுநாள் கேட்டாள். அடுத்த வாரமும் கேட்டாள். அதே ‘ம்’. “இதுக்குப் போன்னு அர்த்தமா, போகாதன்னு அர்த்தமா? கர்த்தருக்குத்தான் வெளிச்சம்” என்று சொல்லிவிட்டுப் பாத்திரம் தேய்க்கப் போய்விட்டாள். திங்கட்கிழமைக்குள் அவர்களுக்குப் பதில் சொல்லியாக வேண்டும். சனிக்கிழமைதான் ராமநகரம்.

பெங்களூரைச் சுற்றிப் பாறைக்குப் பஞ்சமே இல்லை. பழகுகிறவர்களுக்குக் கனகபுரா ரோட்டில் துரஹள்ளி. துணிந்தவர்களுக்கு மாகடி பக்கம் சாவனதுர்கா... அதை அண்ணாந்து பார்த்தாலே எனக்குக் கழுத்து சுளுக்கும். கோலார் பக்கம் அந்தரகங்கை. ராமநகரம் மைசூர் ரோட்டில் எளிதாகப் போய்ச் சேரும் இடம். வெளியூர்க்காரர்கள் முதுகில் கயிற்றுச் சுருளோடு பஸ்ஸிலிருந்து இறங்குகிறார்கள். உள்ளூர்க்காரர்கள் ‘இவனுகளுக்கு வேற வேலையில்லையா?’ என்று பார்த்துவிட்டுப் பட்டுக்கூடு மூட்டையோடு சந்தைக்குப் போகிறார்கள்.

பயிற்சியாளர் மஞ்சுநாத், முப்பது வயதிருக்கும். கன்னடம் கலந்த தமிழ். தேன்கூடு இல்லாத பாறையாகத் தேடிப் பிடித்து, உச்சியில் கயிற்றை மாட்டிவிட்டு வந்தார். கயிற்றின் ஒரு நுனி ஏறுகிறவர் இடுப்பில். மறுபக்கம் கீழே நிற்கிறவர் இடுப்பில், எட்டு வடிவ இரும்பு வளையம் வழியாக. மேலே போகிறவர் போகப் போக, கீழே இருப்பவர் கயிற்றை இழுத்துக்கொள்ள வேண்டும். தவறினால் இறுக்கிப் பிடிக்க வேண்டும்.

அதோடு ஒரு சட்டம். ஏறுகிறவர் “கயிறு ரெடியா?” என்று கேட்க வேண்டும். பிடிப்பவர் “ரெடி” என்று கத்த வேண்டும். “ஏறட்டுமா?” “ஏறு.” இந்த இரண்டு பதிலும் காதில் விழாமல் யாரும் காலைத் தூக்கக் கூடாது.

“எந்த பாஷையானாலும் சரி, வாயைத் திறந்து சொல்லணும். தலையாட்டினா செல்லாது” என்றார் மஞ்சுநாத்.

பிள்ளைகள் ஏறி இறங்கினார்கள். மதியம், “மிஸ், நீங்களும்” என்று ஆரம்பித்துவிட்டார்கள். எஸ்தர் மறுப்பாள் என்று நினைத்தேன். அவளோ துப்பட்டாவை இடுப்பில் முடிந்துகொண்டு ஹெல்மெட்டை வாங்கிவிட்டாள். அன்றைக்கு ஏன் முதல்முறையாகச் சுடிதார் போட்டு வந்தாள் என்று அப்போதுதான் புரிந்தது.

“யார் பிடிக்கிறது?” என்றார் மஞ்சுநாத்.

“அங்கிள், அங்கிள்” என்றது மொத்தக் கூட்டமும்.

நான் பின்வாங்கப் பார்த்தேன். “நான் பின்னாடியே கயிற்றைப் பிடிச்சிட்டு நிக்கிறேன் சார், பயப்படாதீங்க” என்று என் இடுப்பில் பெல்ட்டை மாட்டிவிட்டார்.

எஸ்தர் பாறையில் கை வைத்தாள். “கயிறு ரெடியா?”

“ம்” என்றேன்.

“ஹாகல்ல சார், அப்படி இல்ல” என்றார் மஞ்சுநாத். “இங்க ‘ம்’ நடக்காது. மேல போனா காத்து. உங்க ‘ம்’ அவங்களுக்குக் கேக்காது.”

“கீழ இருக்கும்போதே இத்தனை வருஷமா கேக்கல தம்பி” என்றாள் எஸ்தர், பாறையைப் பார்த்தபடியே.

பிள்ளைகள் சிரித்தார்கள். நான் தரையைப் பார்த்துக்கொண்டு “ரெடி” என்றேன்.

“ஏறட்டுமா?”

“ஏறு.”

ஏறினாள். ஐம்பதை நெருங்குகிறவள், மாடிப்படியில் முழங்காலைப் பிடித்துக்கொள்கிறவள், பாறையின் வெடிப்பில் விரலைச் செருகிச் செருகி மேலே போனாள். எனக்குத்தான் உடம்பு முழுக்க வியர்வை. அவள் ஒரு எட்டு வைத்தால் நான் இரண்டு எட்டுக் கயிற்றை இழுத்தேன்.

“லூஸ் விடுங்க” என்று மேலிருந்து சத்தம். “என்னங்க, நான் ஏறணுமா, இல்ல நீங்களே கிணத்துல தண்ணி சேந்துற மாதிரி இழுத்துக்கப் போறீங்களா?”

“பயந்தா கை இறுகும் சார். இறுகினா அவங்க நகர முடியாது” என்றார் மஞ்சுநாத். கொஞ்சம் தளர்த்தினேன். ஒரு பக்கமாக நகர்ந்து, நல்ல பிடியாகப் பார்த்து ஏறினாள்.

உச்சிக்குக் கொஞ்சம் கீழே அவள் கால் வழுக்கியது.

கயிறு விறைத்தது. எஸ்தர் என்னைவிடக் கொஞ்சம் கனம். என் குதிகால் தரையை விட்டுக் கிளம்பியது. மஞ்சுநாத் பின்னாலிருந்து பெல்ட்டைப் பிடித்து அழுத்தினார். கயிறு நின்றது. அவள் தொங்கினாள், முகம் பாறையோடு.

“என்னங்க... இருக்கீங்களா?”

இருக்கிறேன். அவளுடைய முழுக் கனத்தையும் இடுப்பில் தாங்கிக்கொண்டு இருக்கிறேன். உலகத்தில் வேறு எதையும் நான் அவ்வளவு இறுக்கமாகப் பிடித்ததில்லை. ‘ம்’ என்றேன்.

“என்னங்க?”

இந்த முறை அவள் குரல் வேறு மாதிரி இருந்தது. பிள்ளைகளின் சத்தம் அடங்கிவிட்டது. மஞ்சுநாத் என்னைப் பார்த்தார்.

அப்போதுதான் உறைத்தது. நான் பிடித்திருப்பது எனக்குத் தெரியும். அவளுக்கு எப்படித் தெரியும்? கண்ணுக்கு முன்னால் பாறை. கீழே பார்க்க முடியாது. அவளிடம் இருப்பது காது மட்டும்தான். பதில் சொல்வது நமக்குத் தேவையில்லாமல் இருக்கலாம்... கேட்டவருக்கு அதுதானே பிடி?

“இருக்கேன் எஸ்தர். நல்லாப் பிடிச்சிருக்கேன்” என்று கத்தினேன். பாறையில் மோதி என் குரல் எனக்கே திரும்பி வந்தது. அது அவ்வளவு பெரிய குரல் என்று எனக்கே தெரியாது.

அவள் காலை ஊன்றினாள். மூச்சு வாங்கினாள். மீதி தூரத்தையும் ஏறி, உச்சியில் மாட்டியிருந்த வளையத்தைத் தொட்டாள். பிள்ளைகள் கைதட்டினார்கள். அவள் இறங்குவதற்கான குரலைக் கொடுக்கவில்லை. அங்கேயே இருந்துகொண்டு கேட்டாள்:

“என்னங்க, நான் குன்னூருக்குப் போகட்டுமா?”

கைதட்டல் நின்றது. பிள்ளைகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

“குன்னூரா? ராமநகரத்துலயே இன்னும் நிறைய பாறை இருக்கே மேடம்” என்றார் மஞ்சுநாத்.

எனக்கு மட்டும் தெரியும். நான் ‘ம்’ சொல்ல முடியாத ஒரே இடத்தை அவள் தேர்ந்தெடுத்திருந்தாள். நான் பதில் சொல்லும்வரை அவள் இறங்கப்போவதில்லை. அத்தனை பிள்ளைகளுக்கு முன்னால், முன்பின் தெரியாத ஒரு மனிதருக்கு முன்னால்...

“போ” என்று கத்தினேன்.

அவள் அசையவில்லை. அது பாதிப் பதில் என்று அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

“ஆனா எனக்குப் பயமா இருக்கு எஸ்தர். நீ இல்லாத வீட்டுல எப்படி இருக்கிறதுன்னு எனக்குத் தெரியல.”

ஒரு பிள்ளைகூடச் சிரிக்கவில்லை. மேலிருந்து அவள் குரல் வந்தது. “எனக்கும்தான் பயம். இதை வீட்டுலயே சொல்லியிருந்தா நான் இவ்வளவு உசரம் ஏறியிருக்க வேண்டாம்ல? இறக்குங்க.”

பிடிப்பதைவிட விடுவதுதான் கஷ்டம். கயிற்றை மொத்தமாக விட்டால் விழுந்துவிடுவார்கள். விடவே மாட்டேன் என்றால் அந்தரத்தில் நிற்பார்கள். விரல் விரலாக, பாம்பு ஊர்கிற மாதிரி விட வேண்டும். அப்படித்தான் விட்டேன். தரையில் கால் பட்டதும் என் கையைப் பிடித்துப் பார்த்தாள். கயிறு தேய்த்துச் சிவந்திருந்தது. தண்ணீர் பாட்டிலைத் திறந்து ஊற்றினாள்.

திங்கட்கிழமை அவளே குன்னூருக்குப் போன் செய்தாள். வருவதாகச் சொன்னாள். போனை வைத்துவிட்டு என்னிடம் ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். மாதம் ஒருமுறையாவது நான் அங்கே போக வேண்டும். பஸ் ஸ்டாண்டில் நானே வாய் திறந்து கேட்டு, நானே டிக்கெட் வாங்கி.

இப்போது வாய் திறக்கும் பயிற்சி நடக்கிறது. நேற்று சாயங்காலம் சமையலறையிலிருந்து, “காபி போடட்டுமா?” என்று கேட்டாள்.

“போடு” என்று கத்தினேன்.

என்ன சண்டை என்று பக்கத்து வீட்டுக்காரர் சுவர் மேல் எட்டிப் பார்த்தார்.