விழுந்து காட்டுகிறவள்

வடிகானுக்குள் மறுபடியும் விழுகிறாள் கிருஷாந்தி. சேற்றைக்கூடத் துடைக்காமல் எழுந்து, தேயிலைச் செடிகளுக்கு நடுவே கைபேசியோடு குந்தியிருக்கும் கணவன் பிரதீபனிடம் கேட்கிறாள்: “மூஞ்சி தெரிஞ்சிச்சா? விழுறப்ப மூஞ்சிதாங்க முக்கியம்.” அவன் உதட்டைப் பிதுக்குகிறான். அவள் மீண்டும் மேட்டில் ஏறுகிறாள்.

இலங்கை மலையகத்தில், உடப்புசல்லாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் கொழுந்து பறிக்கிறவள். ஞாயிற்றுக்கிழமைகளில் சிரிப்புப் படம் எடுக்கிறாள். குட்டிக் குட்டிப் படங்கள், மருந்துக்கும் வசனம் கிடையாது. இந்தப் பக்கத்தில் இப்படி எடுக்கத் துணிந்த முதல் ஆள் அவள்தான். ஒருமுறை, தோட்டத்துச் சனம் வரிசையாகக் குடியிருக்கும் லயத்து வாசலில் குடையோடு தள்ளாடிப் பழகியதைப் பார்த்துவிட்டு, பேய் பிடித்துவிட்டதென்று விபூதி கொண்டுவந்தார்களாம். அதையும் பூசிக்கொண்டுதான் பழகியிருக்கிறாள்.

ஏன் பேசுவதில்லை என்று கேட்டேன்.

“பேசுனா எங்க பேச்சக் கேட்டுத்தான் டவுன்ல சிரிக்கிறாங்க. வாய மூடிக்கிட்டு விழுந்தா, விழுந்ததுக்குச் சிரிப்பாங்க.”



கைபேசியில் பார்த்த ஹட்டன் டவுன்காரர்கள் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். அவளுக்கு அது போதவில்லை. தன் லயத்துச் சனம் சிரிக்க வேண்டும். போன வருடத் திருவிழாவில், கோயில் மண்டபத்தில் வெள்ளை வேட்டியைக் கட்டி, இரவல் புரொஜெக்டரில் படம் காட்டினாள். படத்தில் அவள் கொழுந்துக் கூடையோடு சரிவில் உருண்டாள். ஒருவரும் சிரிக்கவில்லை. “ஐயோ, புள்ள!” என்று பெண்கள் எழுந்தேவிட்டார்கள். லயத்தில் பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கும் வேலாயி படம் முடிந்ததும் ஓடிவந்து அவள் முழங்காலைத் தடவி, “எங்கம்மா அடிபட்டிச்சு?” என்றாள். மழைக்காலத்தில் கூடையோடு வழுக்கி விழாதவர்கள் அந்த மண்டபத்தில் யார் இருந்தார்கள், சிரிப்பதற்கு?

வேறொருத்தியாக இருந்தால் மூட்டை கட்டியிருப்பாள். இவள் அன்றைக்கு அழுதாள். மறுநாள் காலைப் பெரட்டில் வேலைக்கு வரிசையில் நிற்கும்போதே தெளிந்துவிட்டாள்.

“நம்மாளு விழுந்தா நமக்கு அழுகதான் வருது. அப்ப விழ வேண்டியவரு வேற ஆளுங்க.”

மலையில் வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு ஐயாவின் தொப்பி, மீசை, பின்னால் கை கட்டிய நடை எல்லாவற்றையும் தனக்குப் பொருத்திக்கொண்டாள். வேலை போய்விடும் என்று பிரதீபன் நடுங்கினான்.

“போனா பாத்துக்கலாம். நீங்க எடுங்க.”

இந்த வருடத் திருவிழாவுக்கு நானும் போயிருந்தேன். நிஜக் கண்டாக்கும் வந்திருந்தார். மரியாதைக்காக அவருடைய நாற்காலிக்கு மேல் மட்டும் ஒரு விளக்கை எரியவிட்டிருந்தார்கள். கிருஷாந்தி தன் படத்தைப் பார்ப்பதேயில்லை. திரையோரம் நின்று சனங்களைத்தான் பார்க்கிறாள்.

திரையில், பார்த்து நடக்கச் சொல்லிப் பெண்களை விரல் நீட்டி மிரட்டியபடியே, அவள் வேஷம் கட்டிய மீசைக்காரர் வடிகானுக்குள் விழுந்தார். பெண்கள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு, வெளிச்சத்திலிருந்த கண்டாக்கின் முகத்தைப் பார்த்தார்கள். அது இறுகிக் கிடந்தது. வேலாயியின் தோள் குலுங்கியது, சத்தம் வரவில்லை. மீசைக்காரர் எழுந்து மறுபடி வழுக்கினார். அப்போதும் மூச்சு இல்லை.

கிருஷாந்தி விறுவிறுவென்று சுவரோரம் போய் விளக்கை அணைத்தாள்.

இருட்டுக்குள் முதலில் வெடித்தது வேலாயிதான். பிறகு மண்டபமே சிரித்தது. “லைட்டப் போடுங்கப்பா!” என்று கண்டாக்கின் நாற்காலிப் பக்கமிருந்து ஒரு குரல் அதட்டியது. படம் முடியும்வரை அவள் சுவிட்சின் மேலிருந்து கையை எடுக்கவில்லை.