நண்டுப் படங்களுக்கு ஓர் அம்மா வீடு

கடலூர்க் கடையில் அந்தச் சின்ன ஹார்டு டிஸ்க்கை மாமா காதருகே வைத்து விரலால் தட்டிப் பார்த்ததுதான் முதலில் நினைவுக்கு வருகிறது. பண்ருட்டியில் பலாப்பழம் வாங்குகிறவர்கள் அப்படித்தான் தட்டுவார்கள். "சார், சார், அதத் தட்டக் கூடாது" என்று கடைக்காரர் பதறிப்போனார். மாமா என்றால் என் அக்காவின் கணவர். சிதம்பரத்தில் குடியிருந்துகொண்டு பிச்சாவரத்து நண்டுகளைப் பற்றி ஆராய்ச்சி செய்துவந்தார். இது 2009 வாக்கில் நடந்தது.

அதற்குக் கொஞ்சம் முன்புதான் அவருடைய பழைய கம்ப்யூட்டர் உயிரை விட்டிருந்தது. படகிலும் சேற்றிலும் அலைந்து எடுத்த படங்களில் பாதி அதோடு போயிற்று. மனுஷன் இடிந்துபோனார். குமராட்சியில் தன் அண்ணன் நடத்தும் உரக்கடையிலேயே போய் உட்கார்ந்துவிடுவதாகச் சொல்ல ஆரம்பித்தார். அக்கா விடவில்லை. மிஞ்சிய படங்களை ஒரு லேப்டாப்பில் ஏற்றவைத்து, இன்னொரு பிரதி எடுத்துவைக்க ஹார்டு டிஸ்க் வாங்கலாம் என்று அவரைக் கையோடு இழுத்துவந்திருந்தாள்.

மாமாவின் கண்ணெல்லாம் மேசைமேல் வைக்கிற பெரிய வகையின் மேல்தான். அதற்குத் தனியாகக் கரண்ட் ஒயர் வேண்டும். எதுவும் கனமாக இருந்தால்தான் அவருக்கு நம்பிக்கை. அக்கா தன் கைப்பையைத் திறந்து, சின்னதை உள்ளே போட்டு ஜிப்பை மூடிப் பார்த்தாள்.

"இதான் சரி. நீங்க படத்த ஏத்திக் குடுங்க. நான் வர்றப்பல்லாம் கொண்டாந்து எங்கம்மா வீட்டுல வெச்சிடுறேன்."

"ஏன், நம்ம வீட்டுல எடமில்லயா?" மாமாவுக்கு ரோஷம் வந்துவிட்டது.

"லேப்டாப்பும் இதுவும் ஒரே வீட்டுல இருந்தா ரெண்டு பிரதி எடுத்து என்னா புண்ணியம்?"

இன்றைக்கு என் போனில் எடுக்கிற படம் என்னைக் கேட்காமலே எங்கோ போய்ப் பத்திரமாக உட்கார்ந்துகொள்கிறது. அன்றைக்கு அந்த வேலையைச் சிதம்பரம் பஸ்ஸில் அக்காவின் கைப்பை செய்தது.

மாமா ஆராய்ச்சிக்காரர்தான், ஆனால் ஆயுத பூஜை என்று வந்துவிட்டால் அவரைப் பிடிக்க முடியாது. அந்த வருஷம் வலை, பூதக்கண்ணாடி, லேப்டாப் எல்லாவற்றையும் துடைத்து மணைமேல் அடுக்கினார். லேப்டாப்பைத் திறந்துவைத்து, கரைத்த சந்தனத்தைக் கீபோர்டு மேல் தாராளமாகத் தெளித்துக் குங்குமமும் வைத்தார். பூஜையில் வைத்ததை மறுநாள்வரை தொடக் கூடாது. மறுநாள் காலை பொத்தானை அழுத்தினால் லேப்டாப் மூச்சு விடவில்லை.

மாமாவும் அக்காவும் அடுத்த பஸ்ஸைப் பிடித்துக் கடலூர் வந்தார்கள். செருப்பைக்கூடக் கழற்றாமல் மாமா என் அம்மாவிடம் கேட்டார். "அத்த, இங்க இருந்ததையும் பூஜையில வெச்சீங்களா?"

"வெக்காம இருப்பனா? மாப்பிள்ளையோட தொழிலாச்சே!" அம்மாவுக்கு ஒரே பெருமை.

மாமா அப்படியே நாற்காலியில் சரிந்தார். "முடிஞ்சுது. நான் உரக்கடைக்கே போறேன்." அக்காவின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

அம்மா பூஜை அறையிலிருந்து ஒரு அட்டைப்பெட்டியைக் கொண்டுவந்தாள். கடையில் கொடுத்த அதே பெட்டி. சந்தனமும் குங்குமமும் மூடிமேல் அப்பியிருந்தன. "தெறந்தா தூசு பூந்துடுமேன்னு பெட்டிக்கே பொட்டு வெச்சிட்டேன். ஏன், தப்பா?" என்றாள்.

நான் பெட்டியைத் திறந்து ஹார்டு டிஸ்க்கை எடுத்து என் கம்ப்யூட்டரில் செருகினேன். சிவப்புக் கொடுக்கு, நீலக் கொடுக்கு, சேற்றில் பாதி புதைந்தது என்று நண்டுகள் ஒவ்வொன்றாகத் திரையில் வந்தன. மாமா வெட்கமில்லாமல் அழுதார். கொஞ்சநேரம் கழித்து மூக்கைத் துடைத்துக்கொண்டு, "இதுல இன்னும் எவ்ளோ எடம் இருக்குன்னு பாரு" என்றார். பார்த்துச் சொன்னேன், பாதிக்கு மேல் காலி.

மாமா எழுந்து வாசலுக்குப் போய், பிச்சாவரத்துப் படகுக்காரருக்குப் போன் போட்டார்.

"அண்ணே, நாளைக்குக் காலையில வர்றேன். படகு வேணும்."