உப்பைத் தாங்கும் வாட்ச்

உப்பளத்தில் காலை எட்டு மணிக்கு மேல் நேரம் தெரியாது. ஆறு தெரியும், ஏழு தெரியும். அதற்குப் பிறகு வெயில் வெள்ளையாகிவிடும். வானமும் பாத்தித் தண்ணீரும் ஒரே நிறத்துக்கு வந்துவிட, நடுவில் நாங்கள் பதினோரு பெண்கள் தலையில் உப்புக் கூடையோடு மிதந்துகொண்டிருப்போம். நடக்கிறோமா, நிற்கிறோமா, வரப்புதான் நம்மைச் சுமந்துகொண்டு போகிறதா என்று சில நேரம் சந்தேகம் வரும். கண்ணை மூடினாலும் இமைக்கு உள்ளே வெளிச்சம் இருக்கும். எனக்கு அந்த மயக்கம் பிடிக்கும். யாரிடமும் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் வெயில் தலைக்கு ஏறிவிட்டது என்று ஒரு சொம்பு மோரைக் குடிக்க வைத்திருப்பார்கள்.

2005 சித்திரையில் எனக்கு நேரம் தேவைப்பட்டது. வீட்டில் ஐந்து மாதப் பெண் குழந்தை இருந்தாள். சுனாமி அலை வருவதற்கு ஒரு மாதம் முன்னால் பிறந்தவள். ஆறு மாதம் முடியும்வரை தாய்ப்பாலைத் தவிர ஒரு சொட்டுத் தண்ணீர்கூட உள்ளே போகக் கூடாது என்று சுகாதார நிலைய நர்ஸ் என்னிடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். நான் யார் சொன்னாலும் சட்டென்று தலையாட்டுகிற ஆள் இல்லை. ஆனால் ஒன்றுக்குத் தலையாட்டிவிட்டால் பிறகு என்னை நகர்த்த முடியாது. இன்னும் ஒரு மாதம்தான் பாக்கி. அதே ஒரு மாதம்தான் உப்பு நன்றாக விளைகிற காலமும். வீட்டில் இருந்தால் வேலை போகும், வேலைக்குப் போனால் குழந்தையின் பால் போகும். இரண்டில் எதையும் விட்டுவிட எனக்கு மனதில்லை.

கணவர் உப்பு லாரி ஓட்டினார். வாரத்தில் நான்கு நாள் வெளியூர்தான். அவருடைய தங்கை, என் நாத்தனார், எங்களோடு இருந்தாள். பத்தொன்பது வயது. அவள் குழந்தையைப் பார்த்துக்கொள்வதாகச் சொன்னாள். ஐந்தரைக்குப் பால் கொடுத்துவிட்டு நான் கிளம்ப வேண்டும். நடுவில் ஒருமுறை வந்து கொடுக்க வேண்டும். பிறகு இரண்டு மணிக்கு வேலை முடிந்து வரலாம். அந்த நடுவேளைக்காக மேஸ்திரியிடம் போய் நின்றேன். அவர் தலையைச் சொறிந்தார். நாங்கள் பாத்தியிலிருந்து ரோட்டோர உப்பு அம்பாரம் வரை வரிசையாகச் சுமப்பவர்கள். ஒருத்தி போனால் அவள் நடையை மற்ற பத்துப் பேரும் நடக்க வேண்டும்.

“ஒம்பதே முக்காலுக்குப் போ. பத்தரைக்கு இந்த வரப்புல நிக்கணும். அதுக்கு மேல ஆச்சுன்னா வேற ஆள் போட்டுக்குவேன், அப்புறம் என்னைக் கேக்கக் கூடாது” என்றார்.

“நிப்பேங்க” என்றேன். என்னிடம் வாட்ச் இல்லை என்பது அப்போது நினைவுக்கு வரவில்லை.

முதல் வாரம் கூத்துதான். நிழலைப் பார்த்து ஒரு நாள் போனேன். குழந்தை தூங்கிக்கொண்டிருந்தாள். எழுப்பினால் சிணுங்கினாள், குடிக்கவில்லை. மறுநாள் புதுச்சேரி பஸ் போகிற சத்தத்தை நம்பினேன். அந்த பஸ் எங்கேயோ பஞ்சராகி நின்றிருக்கிறது. நடுநடுவே மேஸ்திரியிடம் மணி கேட்டுக் கேட்டு அவர் என்னைக் கண்டாலே கையைச் சட்டைக்குள் இழுத்துக்கொள்ள ஆரம்பித்தார். ஞாயிற்றுக்கிழமை நாத்தனாரையும் குழந்தையையும் கூட்டிக்கொண்டு வாட்ச் வாங்கப் போனேன்.

பஸ் ஸ்டாண்டு எதிரில் ஓர் ஆள் உட்காரும் அளவுக்கு ஒரு கண்ணாடிக் கடை. கடைக்காரருக்கு என்னைவிட வயது குறைவு, வாய் அதிகம். கடைக்குப் போனவுடனே நாத்தனார் தங்க நிறத்தில் மெல்லிய சங்கிலி வாட்ச் ஒன்றைக் காட்டினாள்.

“இது எடு அண்ணி. கைக்கு அம்சமா இருக்குது.”

அம்சமாகத்தான் இருந்தது. ஆனால் மேஸ்திரியின் ஸ்டீல் பட்டை அவர் மணிக்கட்டில் பச்சையாய்க் கறை வைத்திருப்பதை நான் பார்த்திருக்கிறேன். தோல் பட்டை உப்புத் தண்ணீரில் பத்து நாள் நனைந்தால் கருவாட்டு வாடை வரும். நம்பர் ஓடுகிற வாட்ச் ஒன்றை எங்கள் வரிசையில் ஒருத்தி கட்டிவந்து, உச்சி வெயிலில் அது முழுக்கக் கறுத்துப்போனதும் தெரியும். வெள்ளை முகம் வைத்தது எதுவும் வேண்டாம் என்றேன். அந்த வெளிச்சத்தில் வெள்ளையில் எதையும் படிக்க முடியாது. இப்படி ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே வந்ததில் கடைசியில் ஒன்றுதான் மிஞ்சியது. தடித்த கறுப்பு வாட்ச், கறுப்பு முகம், கொழுத்த வெள்ளை முட்கள், ரப்பர் பட்டை.

“அக்கா, அது ஜென்ட்ஸ் வாட்ச்.”

“உப்புக்கு ஜென்ட்ஸ், லேடீஸ் தெரியுமாப்பா?”

அவர் சிரித்துக்கொண்டே வாட்டர் ப்ரூஃப் என்று சொல்லி, ஒரு டம்ளர் தண்ணீரில் அதைப் போட்டுக் காட்டினார். உப்பளத்திலிருந்து பிடித்து வந்திருந்த பாட்டிலை நான் பையிலிருந்து எடுத்தேன். கடைசிப் பாத்தியில் உப்பு உறையப்போகிற சமயத்துத் தண்ணீர். எண்ணெய் மாதிரி கனமாக இருக்கும். காயம் பட்ட கையில் பட்டால் உயிர் போகும். குடிதண்ணீரைக் கொட்டச் சொல்லிவிட்டு டம்ளரில் அதை ஊற்றினேன்.

“இதுல போடு.”

“அக்கா, இது வாட்ச். மாங்கா இல்ல, ஊறப் போடறதுக்கு.”

“ஊறட்டும். நாங்க டீ குடிச்சிட்டு வர்றோம்.”

நாத்தனார் வெட்கத்தில் முகத்தைக் குழந்தையின் பின்னால் மறைத்துக்கொண்டாள். டீ குடித்துவிட்டு வந்து பார்த்தபோது அந்தக் கனத்த தண்ணீருக்கு அடியில் வினாடி முள் பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தது. அவசரம் இல்லை, பயம் இல்லை. நான் வெகுநேரம் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்துவிட்டேன் போலிருக்கிறது. நாத்தனார் என் தோளைத் தட்டி, “அண்ணி, பாப்பா தூங்கிட்டா, போலாம்” என்றாள்.

மறுநாள் உப்பளத்தில் அதைப் பார்த்ததும் வரிசை நின்றுவிட்டது.

“என்னாடி, வூட்டுக்காரர் கையைக் கழட்டி மாட்டிக்கினு வந்துட்டியா?”

“அவரு லாரி ஓட்ட வாணாமா? இது என் கைதான்” என்றேன்.

கிண்டல் இரண்டு நாளில் ஓய்ந்தது. பிறகு எல்லோரும் என்னிடம்தான் மணி கேட்டார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அத்தனை வெள்ளைக்கு நடுவில் என் கையில் மட்டும் ஒரு கறுப்பு வட்டம். பழைய மயக்கத்தை அது கெடுத்துவிடும் என்று நினைத்திருந்தேன். கெடுக்கவில்லை. இனி தைரியமாக மயங்கலாம் என்று ஆகிவிட்டது. எவ்வளவு தூரம் மிதந்து போனாலும் ஒம்பதே முக்காலுக்கு ஒரு முள் என்னைக் கூப்பிட்டுவிடும். கூடையை இறக்கிவிட்டு வரப்பு வழியாக நடப்பேன். ரோட்டைக் கடப்பேன். சவுக்குத் தோப்புக்குள் நுழைந்ததும் கண் இருட்டிக்கொண்டு வரும். பச்சையும் நீலமுமாகப் புள்ளிகள் மிதக்கும். அந்தப் புள்ளிகளுக்கு நடுவில் எங்கள் வாசலும், வாசலில் குழந்தையோடு நிற்கும் நாத்தனாரும் மெல்லத் துலங்கி வருவார்கள். கனவிலிருந்து கனவுக்குள் நடந்து போவது போல இருக்கும். கை கால் கழுவிவிட்டுக் குழந்தையை வாங்கிக்கொள்வேன். அவள் குடிப்பாள். நான் வாட்சைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

எங்கள் ஊரில் இரும்பு என்றால் எண்ணெய்த் துணி. மண்வெட்டி, சைக்கிள் செயின், பம்பு இன்ஜினின் போல்ட், வீட்டுத் தாழ்ப்பாள் எல்லாவற்றையும் சாயங்காலம் மண்ணெண்ணெய் நனைத்த துணியால் துடைத்து வைத்தால்தான் மறுநாள் உப்பு அதைத் தின்னாமல் இருக்கும். குளிக்க மறந்தாலும் அதை மறக்க மாட்டோம். நானும் வாட்சைத் தினமும் துடைத்தேன். மூடி சேரும் இடுக்கில், பட்டை சேரும் இடத்தில், ஆசை ஆசையாக நகத்தை வைத்துத் துடைத்தேன். உள்ளே தண்ணீர் புகாமல் காக்கிற ரப்பர் வளையம் மண்ணெண்ணெய் பட்டால் ஊதிப் பிதுங்கிவிடும் என்பது கடைக்காரர் பிறகு அதைத் திறந்து மோந்து பார்த்துச் சொன்னபோதுதான் தெரிந்தது. உப்புத் தண்ணீர் செய்ய முடியாததை என் அக்கறை செய்துவிட்டது.

நாலாவது வாரத்தில் கண்ணாடிக்கு உள்ளே ஒரு சின்ன ஆவிப் படலம் வந்தது. காலையில் இருக்கும், வெயில் ஏறினால் போய்விடும். பார்க்க அழகாகக்கூட இருந்தது. மடச்சி, அழகு என்று விட்டுவிட்டேன்.

அந்த வாரத்தில் ஒரு நாள், முட்கள் ஒம்பது இருபது காட்டியபோது எனக்குப் பால் சுரந்துவிட்டது. பிள்ளை பெற்றவர்களுக்கு அது தெரியும். கூப்பிடாமலே வரும், நிறுத்த முடியாது. ரவிக்கை நனைந்தது. இன்னும் நேரம் ஆகவில்லையே, அதற்குள் என்ன என்று என் உடம்பின் மேலேயே எனக்குக் கோபம் வந்தது. முழங்கையால் மார்பை அழுத்திக்கொண்டு நடந்தேன். ஒரு கூடை, இன்னொரு கூடை. பின்னால் வந்தவள் மணி கேட்டாள். ஒம்பது இருபத்தஞ்சு என்றேன். வெளிச்சம் அன்று என்றைக்கும் இல்லாத வெளிச்சம். அம்பாரம் தூரத்தில் அசைவது போல இருந்தது. கூடைகளை எண்ணுவதையும் விட்டுவிட்டேன். இடையில் வாட்சைப் பார்த்தபோதும் முள் முக்காலைத் தொடவில்லை. மார்பு கல்லாகிவிட்டது. வலித்தது. நேரம் வரட்டும், வரட்டும் என்று சொல்லிக்கொண்டே நடந்தேன்.

அம்பாரத்துக்கு அருகே மேஸ்திரி நின்றிருந்தார்.

“ஏம்மா, இன்னிக்கு வூட்டுக்குப் போவலையா? மணி பதினொன்னு ஆவப்போவுது.”

வாட்சைப் பார்த்தேன். ஒம்பது இருபத்தஞ்சு. வினாடி முள் ஒரே இடத்தில் நடுங்கிக்கொண்டிருந்தது.

கூடை எங்கே விழுந்தது என்று தெரியாது. ஓடினேன். வரப்பில் வழுக்கி முட்டியில் அடிபட்டது, எழுந்து ஓடினேன். நாலரை மணி நேரத்துக்கு மேல் பசி தாங்காத குழந்தை ஐந்தரை மணி நேரமாகக் காத்திருக்கிறாள். அழுது அழுது குரல் கம்மியிருக்கும், நீலம் பாரித்திருக்கும் என்று என்னென்னவோ ஓடியது. அந்த வாட்சை ரோட்டில் வைத்து லாரி ஏற விட வேண்டும் என்று தோன்றியது.

வாசலில் யாரும் இல்லை. அழுகைச் சத்தமும் இல்லை. உள்ளே நாத்தனார் காலை நீட்டி உட்கார்ந்து, குழந்தையை மடியில் சாய்த்து, மூக்கு வைத்த பாலாடைக் கிண்ணத்தால் பால் புகட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் டம்ளரில் மாட்டுப் பால். முதல் முறை பாலாடையைக் காணும் பிள்ளை நாக்கால் தள்ளும், புரை ஏறும், பாதி கழுத்தில் வழியும். என் பெண் வாயைக் குவித்து, தலையைத் தானே சாய்த்து, ஒரு சொட்டு சிந்தாமல் விழுங்கினாள். பழகிய வாய்.

“எத்தினி நாளா?” என்றேன்.

நாத்தனார் நிமிர்ந்து என்னைப் பார்த்ததும் அழ ஆரம்பித்துவிட்டாள்.

“நீ வேலைக்குப் போன மூணாம் நாள்லருந்து, அண்ணி. எட்டரைக்கே பசிச்சிடுது அவளுக்கு. கத்தறா. கொஞ்சூண்டு குடுத்துத் தூங்க வைப்பேன். நீ வர்றதுக்குள்ள எழுப்பிடுவேன். உங்கிட்ட சொன்னா நீ வேலைய வுட்டுடுவ. இல்லனா என்னைத் திட்டுவ. நீ அவ்ளோ ஆசையா வாட்செல்லாம் வாங்கினியா, எப்படிச் சொல்றது?”

திட்டத்தான் வாயைத் திறந்தேன். ஒரு மாதமாக நான் காப்பாற்றியதாக நினைத்த ஒன்று மூன்றாம் நாளே போயிருந்தது. நான் பெருமையாக மணி பார்த்து நடந்த ஒவ்வொரு நாளும் இந்தப் பெண் எனக்கு முன்னால் ஓடி, பசியை ஆற்றி, மறுபடி பசிக்க வைத்து, வாசலில் வந்து நின்றிருக்கிறாள். எனக்குக் கோபமும் வந்தது, வெட்கமும் வந்தது. திட்டாமலே உப்புக் காலோடு அவர்கள் பக்கத்தில் போனேன்.

அன்று நான் உப்பளத்துக்குத் திரும்பிப் போகவில்லை. மறுநாள் மேஸ்திரி கத்தினார், கத்திவிட்டுக் கூடையைக் கொடுத்தார். அதெல்லாம் மறுநாள்.

அப்போது குழந்தை பாலாடையை விட்டுத் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள். பார்த்ததும் கையைக் காலை உதைத்துச் சத்தம் போட்டாள். நான் கைகூடக் கழுவவில்லை என்றேன். இப்பதான் வயிறு நிறையக் குடிச்சிட்டாளே, இனிமேல் எதற்கு என்றும் சொன்னேன். குரல் எனக்கே நன்றாக இல்லை.

“குடு அண்ணி,” என்றாள் நாத்தனார், மூக்கை உறிஞ்சிக்கொண்டே. “அவ பசிக்கா கேக்கறா?”

உட்கார்ந்தேன். அவள் குழந்தையை என் மடியில் வைத்தாள். வயிறு முட்டக் குடித்திருந்த பிள்ளை, ஈர ரவிக்கையை முட்டி முட்டித் தேடி, வாயை வைத்துக்கொண்டு, என் முகத்தையே பார்த்தபடி குடிக்க ஆரம்பித்தாள்.