புளியமரத்தைத் தட்டிப் பார்த்தவர்

இடஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்த சமயம். கச்சிராயபாளையம் சாலையோரம் இருந்த எங்கள் நிலத்தை வீட்டுமனைகளாகப் பிரித்திருந்தோம். எந்த மரம் நிற்கலாம், எதை எடுக்கலாம் என்று பார்த்துச் சொல்ல ஓர் அதிகாரி வந்தார். ஒல்லியான, நெடிய மனிதர். எந்த மரமானாலும் விரல் முட்டியால் தட்டி, காதை வைத்துக் கேட்ட பிறகுதான் வாயைத் திறப்பார்.

அப்போது ஒரு கூட்டம் கோடாலியோடு வந்து, பெரிய புளியமரத்தைச் சூழ்ந்துகொண்டது.

"இன்னா பண்ணப் போறீங்க?" என்றார் அவர்.

"ரோட்ட மறிக்கப் போறோம் சார். வேலையில எங்களுக்கும் பங்கு குடுங்கன்னு கேட்டுக்கினே கீறோம். யாரு காதுல வுழுது?"

"கேக்குறது ஞாயந்தான். ஆனா இது ரோட்டுல வுழாது, அந்தக் கூர வூட்டு மேல வுழும். உள்ள புள்ளைங்க இருக்குதுங்க."

பக்கத்தில் நின்ற இன்னொரு புளியமரத்தைக் காட்டினார். "அது உள்ள பூரா அரிச்சிப் போச்சி. எடுத்துடச் சொல்லத்தான் இருந்தேன். அத வெட்டுங்க."

வெட்டினார்கள். மரம் சாலையின் குறுக்கே விழுந்தது. பஸ்கள் நின்றன.

போலீஸ் வருவதற்குள் கூட்டம் கலைந்துவிட்டது.

"யாருய்யா வெட்டச் சொன்னது?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"நான்தாங்க."

"வெட்டுனவனுங்கள அடையாளம் காட்டுவியா?"

"மொகத்தப் பாக்கலீங்க. மரத்தத்தான் பாத்துக்கினு இருந்தேன்."

அவரை ஜீப்பில் ஏற்றிப் போனார்கள். பிறகு திருக்கோவிலூர் பக்கம் மாற்றிவிட்டதாகக் கேள்விப்பட்டேன். ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்துத்தான் அன்று அவர் பேசினார். அவர் அந்த ஆட்களுக்கு வேண்டியவரா, மரத்துக்கு வேண்டியவரா என்று எனக்கு இன்றுவரை சொல்லத் தெரியவில்லை.