கத்தரிக்கோலுக்கு ஒரு முழக் கயிறு

பனியன் கம்பெனியில் ஹெச்.ஆர். வேலை என்றால் ஆளைச் சேர்ப்பது, சேர்த்த ஆள் ஓடிப்போகாமல் பார்ப்பது, ஓடாத ஆட்கள் ஒருவரை ஒருவர் அடித்துக்கொள்ளாமல் காப்பது. இதில் மூன்றாவதற்கு மட்டும் எந்தக் கல்லூரியிலும் பாடம் கிடையாது. இருபது வயதுப் பையன்கள் நாற்பது பேரை ஒரே கூரைக்குக் கீழ் வைத்து மேய்த்தவர்களுக்கும், வீட்டில் அப்படி ஒரே ஒருவனை வைத்திருப்பவர்களுக்கும் நான் சொல்வது உடனே புரியும். மற்றவர்கள் பாக்கியசாலிகள். அவர்களும் படிக்கலாம்.

ஒரே ஊர்

நான் பொங்கலூர்க்காரி. எங்கள் பக்கத்து ஆள் ஒருவரை வெளியூரில் பார்த்துவிட்டால், பஸ் போனாலும் பரவாயில்லை என்று நின்று பேசுகிற ரகம். அதனால் தெற்கிலிருந்து தையல் வேலைக்கு வந்த இசக்கி, செல்லத்துரை இருவரின் விண்ணப்பத்திலும் ஒரே ஊர்ப் பெயரையும் ஒரே பின்கோடையும் பார்த்ததும் எனக்குப் பாசம் பொங்கிவிட்டது. கம்பெனி ஹாஸ்டலில் இருவரையும் ஒரே அறையில் போட்டேன். ஊர் ஞாபகம் வந்தால் பேசிக்கொள்ளட்டுமே என்று நினைத்தேன்.

மறுநாள் காலை என் ஆபீஸ் வாசலில் இந்தப் பக்கம் ஒருவன் பையோடு நின்றான், அந்தப் பக்கம் ஒருவன் பையோடு நின்றான். இசக்கி மேலத் தெரு, செல்லத்துரை கீழத் தெரு. இரண்டு தெருவுக்கும் பேச்சுவார்த்தை நின்று பன்னிரண்டு வருடம் ஆகிறதாம். பின்கோடில் அதெல்லாம் எங்கே தெரிகிறது? இசக்கி ரொம்ப மரியாதையாகச் சொன்னான்: "மேடம், எங்க ஊர்ல ரெண்டு தெருக்காரங்களும் ஒரே பஸ்ஸுல கூட ஏற மாட்டோம். நீங்க ஒரே ரூம் போட்டுருக்கிய."

காரணம்

அறையை மாற்றினேன். கேன்டீனை மாற்ற முடியுமா? பத்தாம் நாள் டீ இடைவேளையில் இருவரும் சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். ஒரு டம்ளர் போனது, இசக்கியின் இரண்டு பட்டன் போனது. விதிப்படி இருவருக்கும் வெள்ளைத்தாள் கொடுத்து, சண்டைக்கான காரணத்தை விளக்கமாக எழுதச் சொன்னேன்.

அரைமணி நேரம் யோசித்து யோசித்து எழுதினார்கள். இசக்கியின் தாளில் ஒரே வரி: 'அவன் என்னை முறைத்துப் பார்த்தான்.' செல்லத்துரையின் தாளிலும் அதே வரிதான். இதற்கா இவ்வளவு நேரம் என்று எனக்கு எரிச்சல். எங்கள் லைன் சூப்பர்வைசர் கனகராஜ் அண்ணன் இரண்டு தாளையும் வாங்கிப் படித்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி கேட்டார்: "ஏனுங்க மேடம், இவன் அவனப் பாக்காம இருந்திருந்தா, அவன் பாத்தது இவனுக்கு எப்படீங்க தெரியும்?"

கயிறு

எங்கள் ஃபேக்டரியில் நூல் வெட்டுகிற கத்தரிக்கோலை மெஷினோடு சேர்த்து ஒரு முழக் கயிற்றில் கட்டியிருப்போம். பனியனுக்குள் கத்தரி விழுந்து பெட்டியோடு கப்பல் ஏறிவிடக் கூடாது என்று சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையர் போட்ட சட்டம். ஒவ்வொரு முறை ஆடிட் வரும்போதும் இந்தக் கயிறுகளைச் சரிபார்த்து நான் அலுத்துக்கொண்டதற்கு அளவில்லை. இனி அலுத்துக்கொள்ள மாட்டேன்.

ஒரு வெள்ளிக்கிழமை இசக்கிக்கு ஊரிலிருந்து போன் வந்தது. பேசி முடித்து வந்தவன், செல்லத்துரை எதற்கோ சிரிப்பதைப் பார்த்ததும் கத்தரியை எடுத்துக்கொண்டு பாய்ந்தான். கயிறு ஒரு முழத்தில் இழுத்து நிறுத்திவிட்டது. கத்தரி கையை விட்டுப்போய் மெஷின் மேலேயே விழுந்தது. இசக்கி தன் கையையே பார்த்துக்கொண்டு நின்றான், பிறகு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டான்.

என் அறைக்கு அழைத்துப்போய் டீ கொடுத்தேன். மெதுவாகச் சொன்னான். மூன்று வருடத்துக்கு முன் ஊர்க் கோயில் கொடைத் திருவிழாவில் அவன் அண்ணனின் வலது கையை வெட்டியிருக்கிறார்கள். வெட்டியவன் செல்லத்துரைக்குச் சித்தப்பா மகன். வர்ற கொடைக்குள் பதிலுக்கு ஏதாவது செய்யாவிட்டால் நீ ஆம்பளையா என்று மேலத் தெருப் பையன்கள் வாரம் தவறாமல் போனில் கேட்கிறார்கள். அவனை டிஸ்மிஸ் செய்ய வேண்டும் என்பது விதி. டிஸ்மிஸ் செய்தால் நேரே ஊருக்குத்தான் போவான், அங்கே எந்தக் கத்தரிக்கும் கயிறு கிடையாது. அவனை வைத்துக்கொள்கிறேன், நான் பொறுப்பு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அதைப் படித்த மேனேஜர் பெருமூச்சு விட்டார்: "உங்க நல்ல மனசுக்கு நாளைக்கு என்னையும் சேத்து ஸ்டேஷன்ல உக்கார வைப்பாங்க மேடம்."

செக்கிங் டேபிள்

பத்து நாள் தண்டனையாக இசக்கியை மெஷினிலிருந்து எடுத்து, தைத்த பனியனில் குறை பார்க்கும் செக்கிங் டேபிளில் நிறுத்தினேன். அங்கே எட்டுப் பெண்கள், எல்லாரும் நாற்பதைத் தாண்டியவர்கள். பனியனில் ஒரு தையல் விட்டிருந்தால் கண்டுபிடிப்பதுபோல் ஆளிடமும் கண்டுபிடித்துவிடுவார்கள். நான் விஷயத்தைச் சொல்லி வைத்திருந்த வெள்ளகோவில் மரகதம் அக்கா முதல் நாளே ஆரம்பித்தார். சாப்ட்டியா கண்ணு, அம்மா என்ன பண்றாங்க, அண்ணன் இடது கையில சாப்பிடப் பழகிட்டாரா என்று ஒன்று விடாமல் கேட்டார். இரண்டு நாள் தலையை ஆட்டியவன் மூன்றாம் நாள் வாயைத் திறந்தான்.

வாரக் கடைசியில் அக்கா என் அறைக்கு வந்து நாற்காலியில் உட்காராமல் நின்றார். கண் கலங்கியிருந்தது. "அண்ணனுக்கு வெட்டுப்பட்டு மூணு வருசமாச்சுங்க மேடம். உனக்குப் பயமா இருக்குதா கண்ணுன்னு இவனை ஒருத்தரும் கேக்கலீங்களாம். நான் கேட்டனுங்க. ஆமான்னுட்டு அழுகறானுங்க."

அடுத்த மெஷின்

தண்டனை முடிந்து லைனுக்குத் திரும்பியவனைக் கனகராஜ் அண்ணன் எங்கே உட்கார வைத்தார் தெரியுமா? செல்லத்துரைக்கு நேர் முன்னால். இசக்கி ஓவர்லாக் மெஷினில் பனியனுக்குக் கையை இணைத்துக் கொடுத்தால்தான் செல்லத்துரை அடிமடிப்புத் தைக்க முடியும். நான் அண்ணனைக் கத்தின கத்தில் கட்டிங் செக்ஷன் வரை எட்டிப் பார்த்தார்கள். அவர் அசையவில்லை. தள்ளித் தள்ளி வைத்தால் முறைப்பார்கள், வேலை கைமாறினால் குனிந்துதான் ஆக வேண்டும் என்றார்.

இரண்டு மெஷினுக்கும் நடுவே துணியை எடுத்துக்கொடுக்கும் பீகார்ப் பையன் பிகாஷ்தான் ஒரு வாரம் தூதுவன். ஒருநாள் ஒரு கட்டுப் பனியன் முழுக்கக் கையை உள்பக்கம் வெளியே வைத்துத் தைத்துவிட்டான் இசக்கி. செல்லத்துரை அதை அப்படியே தைத்து அனுப்பியிருந்தால் பழி முழுக்க இசக்கி தலையில். ஆனால் செல்லத்துரை கட்டைத் தூக்கிக்கொண்டு எழுந்து வந்து, "கை திரும்பி இருக்கு, பிரிச்சிரு" என்றான். பன்னிரண்டு வருடத்தில் இரண்டு தெருவுக்கும் நடந்த முதல் பேச்சுவார்த்தை இதுதான். சாயங்காலம் பிகாஷ் என்னிடம் ஓடிவந்து சொன்னான்: "மேடம், எனக்கு இனிமே வேலை கம்மி. ரெண்டு பேரும் நேரா பேசுது."

கொடை லீவு

ஆடி மாதம் கொடைக்கு இருவரும் லீவு கேட்டார்கள். தர மாட்டேன் என்றால் சொல்லாமல் போவார்கள். கொடுத்தேன். அந்த நான்கு நாளும் நான் வீட்டிலும் ஆபீஸிலும் எல்லார் மேலும் எரிந்து விழுந்தேன். திங்கட்கிழமை வர வேண்டியவர்கள் வரவில்லை. இருவர் போனும் அணைந்திருந்தது. மரகதம் அக்கா காலையிலிருந்து மூன்று முறை என் அறைக்கு வந்து, ஒன்றும் கேட்காமலே திரும்பிப் போனார்.

செவ்வாய்க்கிழமை காலை இருவரும் கேட்டில் நின்றார்கள், இரண்டு கையும் முழுசாக. ஏன் ஒரு நாள் லேட் என்று, அழுகையை அடக்கிக்கொண்டு, வெள்ளைத்தாளை நீட்டினேன். இசக்கி இந்த முறை யோசிக்கவே இல்லை. 'கொடை அன்னைக்குப் பையன்கள் கூப்பிட வந்தார்கள். பயமாக இருக்கிறது, வரவில்லை என்று சொல்லிவிட்டேன். சிரித்தார்கள். அண்ணன் இடது கையால் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை' என்று எழுதினான். செல்லத்துரையும், வெட்டிய அந்தச் சித்தப்பா மகனைத் திருவிழா முடியும்வரை அத்தை வீட்டில் கொண்டுபோய் விட்டு வந்திருக்கிறான். சரி, ஒன்றாகவா வந்தீர்கள் என்று கேட்டேன். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள், முறைக்கவில்லை. இசக்கிதான் சொன்னான்: "எங்க ஊர் ஸ்டாப்புல ஏறல மேடம், ரெண்டு தெருக்காரங்களும் பாத்துருவாங்க. ஆளுக்கொரு வழியா நடந்து அடுத்த ஊருக்குப் போனோம், அதுக்குள்ள அன்னைக்குப் பஸ்ஸ விட்டுட்டோம். மறுநாள் அங்க இருந்துதான் ஒரே பஸ்ஸுல ஏறுனோம்."

பையன்கள் வெட்டிக்கொள்ளாமல் இருக்க என்னதான் வழி என்று யாராவது கேட்டால், இருபது வருட சர்வீஸில் எனக்குத் தெரிந்தது கத்தரிக்கு ஒரு முழக் கயிறும், பயமா கண்ணு என்று கேட்க ஒரு ஆளும், அடுத்த ஊரில் ஒரு பஸ் ஸ்டாப்பும்தான்.