செம்புள்ளி தெரிந்த கணவாய்கள்

2008-இல் கடலூரிலிருந்து தினமும் பஸ் பிடித்துச் சிதம்பரத்தில் எம்.எஸ்சி. விலங்கியல் படித்துக்கொண்டிருந்தேன். என் வகுப்பு நண்பன் பண்ருட்டிக்காரன். பெண் கணவாய் மீனின் இனப்பெருக்க உறுப்புகளைத் தன் புராஜெக்டாக எடுத்திருந்தான். எந்த மாதத்தில் எத்தனை கணவாய் முட்டையிடத் தயாராக இருக்கிறது என்று அறுத்துப் பார்த்து எழுத வேண்டும்.

"வாங்கியாறது என் வேலை, நீ அறுக்கிறதைப் பாரு" என்று நானேதான் முந்திக்கொண்டேன். துறைமுகத்து ஊர்க்காரன் என்ற மிதப்பு.

எங்கள் வீட்டில் குழம்புக்குக் கணவாய் வாங்கினால் பளிச்சென்று வெள்ளையாக இருப்பதைத்தான் எடுப்போம். அதே பழக்கத்தில், வயிற்றுத் தோல் வழியே சிவப்புப் புள்ளி தெரிந்தவற்றை ரத்தம் கட்டியது என்று கழித்துவிட்டேன். துறைமுகத்தில் மீன் விற்கும் அக்கா சிரித்தார்.

"ரத்தம் இல்லப்பா அது. சினை ஆயிட்டா அப்பிடித்தான் செவந்து தெரியும்."

"வெல போவாததைத் தள்ளிவுடப் பாக்கிறியாக்கா?"

"சரிங்க வாத்தியாரே, வெள்ளையாவே எடுத்துட்டுப் போங்க."

மூன்று மாதம் வெள்ளையாகவே கொண்டுபோனேன். நான்காம் மாதம் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. பொறுக்கியெடுக்காமல் அக்காவின் கூடையில் இருந்ததை அப்படியே அள்ளி வந்தேன். அன்று அறுத்ததும் நண்பன் கத்தினான்.

"மச்சான், இங்க பாருடா! எங்க ஊரு பலாச்சுளையை வெளுக்க வச்ச மாதிரி!"

முட்டைகளைப் பொதியும் பசையைச் சுரக்கும் இரண்டு வெள்ளைச் சுரப்பிகள். அவற்றுக்கு முன்னால் செம்புள்ளி போட்ட சிறிய ஜோடி ஒன்று. உடலின் அடிமுனை வரை, வெந்த ஜவ்வரிசியாய் முட்டைகள். நான் கழித்த சிவப்பு அந்தச் சிறிய ஜோடியின் நிறம். அக்கா சொன்னது சரிதான்.

"மூணு மாசமா ஒண்ணுகூட இல்ல, இப்ப கூட்டமா முத்தியிருக்கு. இந்த மாசந்தான் சீசன் ஆரம்பம்டா!" என்று துள்ளினான். இதுவரை சிவந்ததையெல்லாம் கழித்தது நான்தான் என்று அப்போதே சொல்லியிருக்கலாம். அவன் முகத்தைப் பார்த்துவிட்டு அடுத்த கணவாயை எடுத்து நீட்டினேன். அதையே முடிவாக எழுதினான்.

வகுப்பே உட்கார்ந்திருந்த அவனுடைய வாய்மொழித் தேர்வில் வெளியிலிருந்து வந்த பேராசிரியர், கணவாயை எப்படித் தேர்ந்தெடுத்தீர்கள் என்று கேட்டார்.

"எதையும் பொறுக்கலை சார், கலந்துதான் எடுத்தோம். இவந்தான் வாங்கிட்டு வந்தான்" என்று என்னைக் காட்டினான். நானும் தலையாட்டினேன்.

பிறகு அவன் மேல்படிப்புக்கு விண்ணப்பித்த இடங்களிலெல்லாம் அந்த முடிவைத்தான் பெருமையாக எழுதினான். ஒவ்வொரு முறையும் சொல்லிவிடுவது என்றுதான் போன் போடுவேன். சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவேன்.