அச்சுக்குப் பின்னால் ஒரு பலகை

மூதூரில் அப்துல் மஜீதின் ஜீப்புக்கு 'உதைகாரி' என்று பேர். வெருகலிலிருந்து மூதூர்ப் படகுத்துறையான ஜெற்றிவரை அதில் வந்தவர்கள், இறங்கியதும் இடுப்பில் கைவைத்துக்கொண்டு சிறிது நேரம் அசையாமல் நிற்பார்கள். யார் ஜீப்பில் வந்தார், யார் நடந்து வந்தார் என்று தேநீர்க்கடையில் இருந்தபடியே சொல்லிவிடலாம். மஜீதும் சேர்ந்து சிரிப்பான். அந்தப் பாதையில் மாரிகாலத்திலும் நின்றுபோகாமல் ஓடிய வாகனம் அது ஒன்றுதான் என்பது அவனுக்கும் தெரியும், சிரித்தவர்களுக்கும் தெரியும்.

திருகோணமலைத் துறைமுகத்தை வெள்ளைக்காரன் வைத்திருந்த காலத்தில், கடற்படைப் பட்டறையில் கையாளாக நின்றவன் மஜீத். ஐம்பத்தேழில் தளம் கைமாறியதும் வேலை போனது. கழித்துவிடப்பட்ட லாண்ட் றோவர் ஒன்றை ஏலத்தில் எடுத்துக்கொண்டு ஊருக்குத் திரும்பினான். வந்த கோலத்திலேயே அதை ஓட்டியிருந்தால் ஒருவேளை அது உதைத்திருக்காது. ஆனால் நெல்மூட்டை ஏற்றியதும் அதன் பின்பக்கம் நாய் குந்தியதுபோல் இறங்கிவிட்டது. பழைய லொறி ஒன்றின் ஸ்பிரிங்கைக் கழற்றி, அதிலிருந்து தடித்த தகடுகளை எடுத்து அளவாக வெட்டி, பின்சில்லுகளின் ஸ்பிரிங் அடுக்குகளில் பக்கத்துக்கு ஒன்றாகச் செருகினான். ஜீப் நிமிர்ந்தது. பாரம் இல்லாத வேளைகளில் உதைக்கவும் தொடங்கியது.

பிறகு அவன் செய்த இன்னொரு வேலை பின்பலகை.

முன்னிருக்கை ஒன்று, அதற்குப் பின்னால் குறுக்கே ஒரு நீள இருக்கை, அதற்கும் பின்னால் மூட்டைகள். ஜீப்பின் அமைப்பு அவ்வளவுதான். வெருகல் கரையோரத்துக் குடும்பங்கள் கைகாட்டினால், நீள இருக்கையில் இருந்தவர்கள் நிறுத்தவேண்டாம் என்பார்கள். காட்டோரம் இருக்கிறவர்கள், மீன் வாடை அடிக்கும், கூட இருக்க ஏலாது என்பது அவர்கள் சொல்லும் காரணம். மஜீதுக்கு அவர்களை வழியில் விட்டுவரவும் மனமில்லை, இவர்களோடு மல்லுக்கட்டவும் தெம்பில்லை. ஆகவே வண்டியின் பின்பக்கத்தை நீட்டி, பின்சில்லுகளின் அச்சுக்கு வெகுதூரம் பின்னால், ஒரு பலகை அடித்தான். கரையோரத்தார் அதில் ஏறிக்கொண்டார்கள். எல்லோரும் மஜீத் நல்லவன் என்றார்கள். ஒருவரும் சண்டை பிடிக்கவில்லை. அநியாயத்தோடு சண்டை பிடிக்காமல் இருப்பதற்குத்தான் நம்முடைய ஊர்களில் அமைதி என்று பேர்.

எழுபத்து மூன்றாம் ஆண்டு மாரி தொடங்கியபோது, அந்தக் கரையோரத்துக் கதிராமன் மஜீதின் வீட்டு வளவுக்கு வந்தான். கடல் விடும் காலத்தில் மீன்பிடிப்பான், விடாத காலத்தில் மற்றவர்களின் எருமைப்பட்டி பார்த்து, பால் கறந்து தயிர் போடுவான். அவனுடைய மனைவி தங்கமுத்துவுக்கு ஏழாம் மாதம். முன்பு இரண்டு பிள்ளைகள் தங்கவில்லை. இந்த முறை கடைசிவரை காத்திராமல் முன்கூட்டியே வந்து படுக்கவேண்டும், வரும்போது குலுங்கக்கூடாது என்று திருகோணமலை ஆஸ்பத்திரியில் சொல்லி விட்டிருந்தார்கள். வள்ளத்தில் கொண்டுபோகலாம் என்றால் கடல் கொந்தளித்துக் கிடந்தது. மூதூர் ஜெற்றிக்கு வந்தால், குடாவைக் கடந்து திருகோணமலைக்குப் போகப் பெரிய இயந்திரப்படகான லோஞ்ச் இருக்கிறது. ஜெற்றிவரை வர ஜீப்தான் இருக்கிறது.

கதிராமன் முற்றத்தில் நின்றபடியே இதையெல்லாம் சொன்னான். கதிரையை இழுத்துப்போட்டு இருக்கச் சொன்னதற்கு, வேண்டாம் என்று தலையாட்டினான். கடைசியில், அண்ணன் முறை வைத்துக் கேட்டான்:

"காக்கா, இந்த முறை கொஞ்சம் பதமாக் கொண்டுபோவீங்களோ?"

இந்த முறை என்ற சொல் மஜீதின் நெஞ்சில் போய்த் தைத்தது. முதற்பிள்ளையோடு தங்கமுத்து அவனுடைய பின்பலகையில்தான் வந்தவள். பாதிவழியில் இறங்கி, பாதையோரத்து மருதமரத்தின் கீழ் படுத்தவள். அந்த மரத்தில் ஏதோ இருக்கிறது, அதுதான் பிள்ளையைக் கொண்டுபோனது என்று ஊர் சொன்னது. அவளுடைய கையில் நூல் கட்டினார்கள். மரத்தடியில் கோழி அறுத்தார்கள். பேயைத் தேடிய ஒருவரும் பலகையைப் பார்க்கவில்லை. பலகை அடித்தவனும் பார்க்கவில்லை.

"பதமாத்தான் கொண்டுபோவன்" என்றான் மஜீத். "ரெண்டு கிழமை பொறு."

கையில் இருந்தது இரண்டு வாரம். அன்று பின்னேரமே ஜாக்கி வைத்து வண்டியைத் தூக்கினான். லொறித் தகடுதான் குற்றவாளி என்பது அவன் எண்ணம். இரண்டையும் கழற்றினான். ஓட்டிப் பார்க்க ஒரு ஆள் வேண்டும், அதுவும் கர்ப்பிணியின் உடம்பு அறிந்த ஆள் வேண்டும். அவனுடைய மனைவி மைமூனா நாலு பெற்றவள். முக்காட்டை இழுத்துச் செருகிக்கொண்டு பின்பலகையில் ஏறி இருந்தாள். ஆட்களின் பாரத்துக்காகப் பக்கத்தில் நெல்மூட்டைகளை வைத்தான். வயற்கரைப் பாதையில் ஒரு வரம்பைத் தாண்டியபோது, பின்பக்கம் ஒரேயடியாக இறங்கி, அச்சுக்கு மேலிருந்த இறப்பர்க் கட்டையில் வண்டியின் சட்டம் போய் மோதியது.

"முந்தி உதைச்சிச்சு, இப்ப குத்துது" என்றாள் மைமூனா. "உதையே நல்லம் போல."

தகடுகள் திரும்ப ஏறின. அடுத்து அவனுடைய கண் ஷொக் அப்சோபரில் விழுந்தது. ஸ்பிரிங் ஒருமுறை துள்ளினால் அதை அடக்கி நிறுத்தவேண்டியது அதுதான். அவனுடையவை எப்போதோ எண்ணெய் ஒழுகிச் செத்திருந்தன. புதிது வாங்கலாம் என்றால் வெளிநாட்டுச் சாமான் ஒன்றும் நாட்டுக்குள் வராத காலம் அது. சீனன்குடாவில் பழைய இரும்பு வாங்கி விற்பவர் ஒருவரிடம், உடைத்த ட்றக் ஒன்றின் சோடி கிடைத்தது. நீளம் பொருந்தவில்லை. கொளுவிகளை வெட்டி, ஒட்டி, ஒருபடியாகப் பொருத்தினான். மைமூனா மறுபடி ஏறினாள். இப்போது பள்ளத்தில் விழுந்தால் மூன்று முறை துள்ளாமல் ஒருமுறை மட்டும் துள்ளியது. ஆனால் அந்த ஒருமுறை அவள் பலகையிலிருந்து எழும்பி, காற்றில் நின்று, பிறகுதான் இருந்தாள்.

மூன்றாவதாக வந்த யோசனை கடற்கரை ஊர்க்காரனுக்கு மட்டுமே வரக்கூடியது. வள்ளத்துப் பலகைக்குச் சுறா எண்ணெய் பூசுகிறோமே, தகடுகளுக்கு நடுவில் பூசினால் என்ன? வழுக்கிக்கொண்டு இலகுவாக வளையுமே. வளைந்தன. தகடும் தகடும் உரசிப் பிடித்துக்கொண்டிருந்த கொஞ்ச நஞ்சப் பிடிப்பும் போய், ஜீப் வாடைக்காற்றில் அகப்பட்ட தோணியைப் போல ஆடியது. மைமூனா வண்டியை நிறுத்தச் சொல்லி, இறங்கிப் போய் வேலியோரம் சத்தி எடுத்தாள். வாயைத் துடைத்துக்கொண்டு வந்து, நாற்றத்துக்கா ஆட்டத்துக்கா என்று தனக்கே விளங்கவில்லை என்றாள். மஜீத் இரண்டு நாள் குந்தியிருந்து, தகடு தகடாகச் சவர்க்காரம் போட்டுக் கழுவினான்.

அந்த வெள்ளிக்கிழமை ஈச்சிலம்பற்றிலிருந்து தயிர் ஏற்றும் நாள். மைமூனா தானும் வருவதாகச் சொன்னாள். உண்மையான பாரத்தோடு, உண்மையான பாதையில் ஒருமுறை இருந்து பார்த்துவிட வேண்டும் என்றாள். நீள இருக்கைக்கு முன்னால், கால்வைக்கும் இடத்தில், மஜீத் வைக்கோல் பரப்பித் தயிர்ச்சட்டிகளை அடுக்கினான். எப்போதும் அங்கேதான் அடுக்குவான். மைமூனா பின்பலகையில் இருந்தாள். வழிநெடுக அவன் கண்ணாடியில் அவளைப் பார்த்துக்கொண்டே ஓட்டினான். முதலில் அவள் கையசைத்தாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டாள்.

ஜெற்றியில் இறங்கியவள் இடுப்பைப் பிடித்தபடி, சட்டிகள் இறங்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஒரு சட்டியிலும் கீறல் இல்லை. ஒன்றை எடுத்து வாழையிலை மூடியை நீக்கினாள். தயிர் கட்டி கலையாமல், ஆடை கிழியாமல் கிடந்தது.

"ஏங்க, இதை ஏன் பின்பலகையில வைக்கிறதில்ல?"

"பின்னுக்கு வெச்சா எல்லாம் நொறுங்கிரும். நடுவில ஆட்டம் குறைவு. ரெண்டு அச்சுக்கும் இடையில..." மஜீத் நிறுத்திவிட்டான்.

"சொல்லுங்க. நிப்பாட்டாதீங்க."

அவன் பின்பலகையைத் திரும்பிப் பார்த்தான். அச்சுக்குப் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் பலகை, சில்லு ஒரு சாண் எழும்பினால் அதைவிட உயரமாக எழும்பும். எந்த ஸ்பிரிங்கைப் போட்டாலும் அப்படித்தான். பட்டறையில் நின்றவனுக்கு இது தெரியாத கணக்கா? தயிர்ச்சட்டி விஷயத்தில் தெரிந்திருந்தது.

"அவளை நடுவில இருத்தினா ஆக்கள் கதைப்பாங்க, மைமூனா."

"தயிர் ஆர்ட கையால வருது? கதிராமன்ட கையால. அதை நக்கித் தின்னலாம், அவன்ட பொண்டாட்டிக்குப் பக்கத்தில இருக்க ஏலாதோ?" அவள் குரலை உயர்த்தவில்லை. "நான் நாலு பெத்தவ. அந்தப் பலகையில ஒருத்தரும் பெறமாட்டாங்க."

மஜீத் வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் பின்பலகையைக் கழற்றினான். ஆணிகள் துருப்பிடித்திருந்தன. நெம்புகோலை வைத்து இழுக்கவேண்டியிருந்தது. தங்கமுத்துவை ஏற்றும் நாளில் நெல்மூட்டை ஏற்றப்போவதில்லை, பின்பலகையும் இல்லை, ஆகவே லொறித் தகடுகளுக்கு வேலை இல்லை. அவற்றையும் கழற்றினான். அச்சுக்குச் சற்று முன்னால் மணல்மூட்டைகளை வைத்து, சில்லுகளில் கொஞ்சம் காற்றை இறக்கினான். சீனன்குடாச் சோடியை அப்படியே விட்டான். மைமூனா நீள இருக்கையின் நடுவில் ஏறி இருந்து, அதே வரம்பைத் தாண்டச் சொன்னாள். ஜீப் தாண்டியது. மஜீத் திரும்பிப் பார்த்தபோது அவள் அழுதுகொண்டிருந்தாள்.

"நோகுதோ?"

"இல்ல" என்றாள். "இத முந்தியே செஞ்சிருந்தா அந்தப் புள்ள இருந்திருக்கும்."

குறித்த நாளில் மஜீத் தங்கமுத்துவை ஏற்ற வெருகலுக்குப் போனான். அவள் பழக்கத்தில் நேரே பின்னுக்குப் போனாள். அங்கே பலகை இல்லாததைப் பார்த்துத் திகைத்து, ஜீப்பில் இடமில்லை என்று சொல்லப்போகிறார்கள் என நினைத்து, கணவனின் முகத்தைப் பார்த்தாள். மஜீத் இறங்கிவந்து நடு இருக்கையைக் காட்டினான். மைமூனா கொடுத்துவிட்ட தலையணையை அவளுடைய முதுகுக்கு வைத்தான். கதிராமன் அவளுக்குப் பக்கத்தில், இருக்கையின் ஓரத்தில் பாதி உடம்பை வைத்து இருந்தான்.

ஈச்சிலம்பற்றில் சிவகாமிப்பிள்ளை காத்திருந்தார். அந்தப் பக்கத்து வயற்சொந்தக்காரி, விதவை, அறுபதைத் தாண்டியவர். நடு இருக்கையில் வலப்பக்கம் அவருடையது என்பது எல்லோரும் அறிந்தது. குடையை மடக்கிக்கொண்டு உள்ளே பார்த்தார்.

"தம்பி மஜீத், இதென்ன புதுசா இருக்கு?"

"ஓம் அம்மா. பிள்ளைத்தாச்சி. குலுங்கக்கூடாது."

"அதுக்கு நான் எங்க இருக்கிறது?"

"பக்கத்தில இடம் கிடக்கு. முன்னுக்கும் கிடக்கு."

"இவையளோடையோ?" அவர் தங்கமுத்துவைப் பார்க்கவில்லை. "பின்னுக்கு விட்டாப் போதும்தானே. எத்தினை வருசமா இருக்கினம்."

கதிராமன் எழும்பப் போனான். மஜீதின் கை அவனுடைய தோளை அமர்த்தியது.

"பின்னுக்கு இருந்துதான் அம்மா ஒரு பிள்ளை போனது. அந்தப் பலகை நான் அடிச்சது. இனி அதில ஒருத்தரையும் இருத்தமாட்டன்."

சிவகாமிப்பிள்ளை ஜீப்பை விட்டு விலகினார். பிறகு குடையை விரித்து, வந்த வழியே திரும்பி நடந்தார். அவருடன் ஏற நின்ற இரண்டு பேரும் பின்னால் போனார்கள்.

மஜீத் நடையைவிட மெதுவாக ஓட்டினான். ஒவ்வொரு பள்ளத்துக்கும் வண்டியை நிறுத்துமளவுக்கு வேகத்தைக் குறைத்து, ஒரு சில்லாக இறக்கி, ஒரு சில்லாக ஏற்றினான். மருதமரம் வந்தபோது தங்கமுத்து கையில் கட்டியிருந்த நூலைப் பற்றிக்கொண்டாள். மரம் கடந்து போனது. அதன்பிறகு அவளுடைய கை மடியில் கிடந்தது. ஜெற்றியில் அவள் தானாகவே இறங்கினாள், இடுப்பில் கைவைக்காமல். லோஞ்சில் ஏறும்போது மஜீதைப் பார்த்து ஏதோ சொல்ல வாயெடுத்து, வெட்கப்பட்டு, உள்ளே போய்விட்டாள்.

அந்த மாரி முழுவதும் சிவகாமிப்பிள்ளையின் ஆட்கள் ஜீப்பில் ஏறவில்லை. மஜீத் பாதி வெறுமையாகவே ஓடினான். பள்ளிவாசலடியில் ஒருவர், உனக்கேன் இந்தத் தலையிடி என்று கேட்டார். தலையிடி எனக்கில்லை, இடுப்பு நோ அவங்களுக்கு என்று மஜீத் சொல்லிவிட்டு நடந்தான்.

பிறந்தது பெண் பிள்ளை. கதிராமன் தங்கமுத்துவையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு லோஞ்சில் வந்து இறங்கிய நாளில் மழை பிடித்துக்கொண்டிருந்தது. மைமூனா ஜெற்றிக்கே வந்து, பிள்ளையை வாங்கி, மஜீதிடம் காட்டிவிட்டுக் கொடுத்தாள். தாயும் தகப்பனும் பிள்ளையுமாக மூன்று பேரும் நடு இருக்கையில் இருந்தார்கள். மூதூர் எல்லையில் ஒரு கடைத் தாழ்வாரத்தில் நனைந்துகொண்டு நின்றது சிவகாமிப்பிள்ளை. மஜீத் நிறுத்தினான். கேட்காமல் முன்கதவைத் திறந்துவிட்டான். வேறு வாகனம் வராது என்பது அவருக்கும் தெரியும். ஏறினார். முகத்தை முன்கண்ணாடிக்கு நேரே வைத்துக்கொண்டு வந்தார்.

பின்னால் பிள்ளை சிணுங்கத் தொடங்கி, வீரிட்டு, பிறகு அடங்கியது.

"பால் குடிக்குதோ?" திரும்பிப் பார்க்காமலே கேட்டார்.

கேள்வி யாருக்கென்று கொஞ்ச நேரம் ஒருவருக்கும் விளங்கவில்லை.

"குடிக்கிறா, அம்மா" என்றாள் தங்கமுத்து.

சிவகாமிப்பிள்ளை ஈரக்குடையை மடியில் நிமிர்த்தி வைத்தார்.

"தம்பி, மெதுவா விடு" என்றார்.

அதற்குமேல் மெதுவாக அந்த ஜீப்பால் போக ஏலாது. மஜீத் தலையசைத்தான்.